மூச்சு மட்டும் இலவசம்

“கண்ணை மூடுங்க. மூச்சை நல்லா இழுங்க. மனசுக்குள்ள நாலு எண்ணுங்க. இப்ப மெதுவா விடுங்க. உங்க கவலையெல்லாம் அந்த மூச்சோட வெளிய போகுது பாருங்க.”

நாற்பது பெண்கள் கண்ணை மூடினார்கள். இரண்டு நிமிடத்தில் பத்துப் பேர் தூங்கிவிட்டார்கள். மூன்றாவது வரிசையில் ஓர் அக்கா குறட்டையே விட்டார். பயிற்சியாளரின் முகம் சுருங்கியது. முந்தின இரவு இருபத்திரண்டு பேருக்கு அந்த அக்கா ஒருத்தியாகக் கண் விழித்தவர் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மைக்கை அணைத்து, விளக்கையும் அணைத்து, ஆளுக்கொரு பாய் விரித்துக் கொடுத்திருக்கலாம். அந்த ஆண்டு அரசுப் பணத்தில் நடந்த ஒரே உருப்படியான மனநலத் திட்டம் அதுவாக இருந்திருக்கும்.

ஒரு மாவட்டத் தலைநகரம். பெயர் வேண்டாம். ஒன்றைச் சொன்னால் மற்ற மாவட்டங்கள் ‘எங்களை ஏன் விட்டீர்கள்’ என்று கோபித்துக்கொள்ளும். அக்டோபர் 10, உலக மனநல நாள். மாற்றுத்திறனாளிகள் இல்லங்களில் வேலை பார்க்கும் பராமரிப்பாளர்களுக்கு ‘மன அழுத்த மேலாண்மைப் பயிலரங்கம்’. ஃப்ளெக்ஸில் பதினோரு முகங்கள். ஒன்றுகூடப் பராமரிப்பாளர் முகம் இல்லை. பத்து மணிக் கூட்டத்துக்குச் சிறப்பு விருந்தினர் பதினொன்றே முக்காலுக்கு வந்தார். அவர் வரும்வரை யாரும் அழுத்தத்தை மேலாண்மை செய்யக் கூடாது என்பது நெறிமுறை. வந்தவருக்குப் பொன்னாடை. பொன்னாடை போர்த்தியவருக்குப் பொன்னாடை. அதைப் படமெடுத்தவருக்கு மரக்கன்று.

பிறகு உரை. “நீங்க செய்யறது வேலை இல்லைம்மா. தவம். நீங்க எல்லாம் நடமாடும் தெய்வங்கள்.”

கைதட்டல்.

நான் கைதட்டவில்லை. தெய்வம் என்று எவரையாவது மேடையில் அழைத்தால் உடனே அவருடைய சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது என் பழக்கம். வேலை என்று ஒப்புக்கொண்டால் கூலி கொடுக்க வேண்டும். தவம் என்றால் வரம் போதும். வரத்துக்கு நிதித்துறை ஒப்புதல் தேவையில்லை. தெய்வத்துக்கு ஓவர்டைம் கிடையாது. வார விடுமுறை கிடையாது. இடுப்பு வலியும் வராது. பட்டினி போட்டால் எந்தச் சாமியும் கலெக்டரிடம் மனு கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை.

வேலை என்னவென்று தெரியாமலே வேலைக்காரரின் மனநலம் பற்றிப் பேசுவது நமக்குக் கைவந்த கலை. ஆகவே முதலில் வேலை.

காலை நாலரைக்குத் தொடங்கும். மூளை முடக்குவாதம் உள்ள இருபது வயதுப் பையன். ஐம்பத்தைந்து கிலோ. கை கால் கட்டை போல விறைத்திருக்கும். அவனைக் கட்டிலிலிருந்து தூக்கிக் குளியல் நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். தூக்குகிறவர் நாற்பத்தெட்டுக் கிலோ. குளிப்பாட்டி, துவட்டி, உடுத்தி முடித்தால் அடுத்தவன். சோறு குழைத்து ஊட்ட வேண்டும். ஒரு வாய் கொடுத்தால் விழுங்கினானா என்று தொண்டையைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வாய். அவசரப்பட்டால் புரையேறும். புரையேறினால் நெஞ்சில் சளி கட்டும். சளி கட்டினால் ஜி.எச். ஒரு பிள்ளைக்கு அரை மணி நேரம். அப்படி ஏழு பிள்ளைகள். ஏழாவது பிள்ளைக்கு ஊட்டி முடிக்கும்போது முதல் பிள்ளைக்கு மத்தியானப் பசி வந்திருக்கும். படுத்தே கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப் புண். வளர்ந்த பெண்களுக்கு மாதவிலக்கு நாட்களில் நாப்கின் மாற்ற வேண்டும். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, எத்தனை நிமிடம் என்று கடிகாரம் பார்க்க வேண்டும். ஆட்டிசம் உள்ள பிள்ளை இரைச்சல் தாங்காமல் கையைக் கடித்தால் உதறக் கூடாது. உதறினால் சதை கிழியும். கடிக்கிற வாய்ப் பக்கமே கையைத் தள்ளிக் கொடுக்க வேண்டும், அப்போதுதான் வாய் திறக்கும்.

கடைசியாகச் சொன்னதை எனக்குச் சொல்லித் தந்தது அந்தக் குறட்டை அக்காதான். புத்தகத்தில் படித்ததா என்று கேட்டேன். முழங்கையைத் திருப்பிக் காட்டினார். நான்கு தழும்புகள். “இதுல படிச்சேன் தம்பி.”

இரவில் இருபத்திரண்டு பேருக்கு ஓர் ஆள். ‘இருபத்திரண்டு பேரும் தூங்கத்தானே செய்கிறார்கள்’ என்று ஏ.சி. அறையில் ஒருவர் கேட்டார். அவர் வீட்டில் ஒரு கைக்குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் நான்கு பெரியவர்கள் விழித்திருப்பார்கள். அது பாசம். இங்கே விழித்திருப்பது டூட்டி. டூட்டி என்றால் ஒரு ஆள் போதும்.

விகிதம் பற்றிச் சட்டம் பேசாமல் இல்லை. பள்ளிகளில் சிறப்பாசிரியர்களுக்கு 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கணக்குச் சொன்னது. தொடக்க வகுப்புகளில் பத்துப் பிள்ளைக்கு ஒருவர். அதற்கு மேல் பதினைந்துக்கு ஒருவர். மூன்றரை ஆண்டு போனது. 2025 மார்ச்சில் அதே நீதிமன்றம் அதே வழக்கில் மாநிலங்களைப் பார்த்து, முதலில் பணியிடங்களை உருவாக்கி அறிவியுங்கள் என்று மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. பகலில் பாடம் சொல்லிக் கொடுக்கும் ஆளுக்கே இந்த நடை. ராத்திரி இரண்டு மணிக்கு மலம் துடைக்கிற ஆளுக்கு விகிதம் கேட்டால் எந்த நூற்றாண்டில் பதில் வரும்?

சரி, கூலி. அதற்கு ஒரு அழகான பெயர் வைத்திருக்கிறார்கள். மதிப்பூதியம். தமிழாசிரியர்கள் கவனிக்கவும். மதிப்பு, ஊதியம் இரண்டும் சேரும்போது நடுவில் உள்ள உகரம் கெடும் என்பது விதி. அரசாங்கப் புணர்ச்சியில் உகரத்தோடு நிற்பதில்லை. மதிப்பும் கெடும். ஊதியமும் கெடும். மிஞ்சுவது கையெழுத்துப் பதிவேடு.

அந்த அக்காவுக்கு மாதம் எட்டாயிரம். பதினோரு வருட சர்வீஸ். முப்பதால் வகுத்தால் ஒரு நாளைக்கு 266 ரூபாய் சொச்சம். 2025-26ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு ஒன்றிய அரசு நிர்ணயித்த தினக்கூலி 336 ரூபாய். நூறு நாள் வேலைக்காரர்களுக்கு அது போதும் என்று நான் சொல்லவில்லை, அவர்களுக்கே போதாது. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஏரியில் மண் அள்ளுவதற்கு இந்த தேசம் கொடுக்கும் விலையைவிட, மனிதனை அள்ளுவதற்குக் கொடுக்கும் விலை 70 ரூபாய் குறைவு. மண் கடிக்காது என்பதையும் சேர்த்துக் கணக்கிடவும்.

அந்த எட்டாயிரமும் ஒன்றாம் தேதி வராது. மானியம் வந்தால் வரும். மானியம் எப்போது வரும்? கோப்பு நகர்ந்தால் வரும். கோப்பு எப்போது நகரும்? அதற்குத்தான் மூச்சை இழுத்து நாலு எண்ணச் சொல்கிறார்கள். அன்று அரங்கில் இருந்த நாற்பது பேரில் எத்தனை பேருக்குச் சம்பளப் பாக்கி என்று கேட்டிருந்தால் எல்லாக் கையும் உயர்ந்திருக்கும். யாரும் கேட்கவில்லை. ‘உங்களுக்கு எதனால் மன அழுத்தம் வருகிறது?’ என்று மட்டும் கேட்டார்கள். சார்ட் பேப்பரில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதச் சொன்னார்கள். ஒரு குழு ‘சம்பளம்’ என்று எழுதியது. ஒருங்கிணைப்பாளர் குனிந்து, காதோடு சொன்னார்: “அது நிர்வாகப் பிரச்சினைம்மா. இன்னிக்கு மனசு பத்தி மட்டும் எழுதுங்க.”

வயிற்றைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு மனசை மட்டும் உள்ளே கொண்டுவரச் சொல்கிறார்கள். செருப்பு மாதிரி.

சட்டம் என்ன சொல்கிறது? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016. நல்ல சட்டம். பழைய சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள், இதில் இருபத்தொன்று. இதன் இரண்டாவது பிரிவிலேயே பராமரிப்பாளர் யார் என்று வரையறை இருக்கிறது. பெற்றோரும் குடும்பத்தாரும் உட்பட, மாற்றுத்திறனாளிக்குப் பராமரிப்போ ஆதரவோ உதவியோ செய்கிற எவரும். எப்படிச் செய்கிறவர்? ‘ஊதியத்துடனோ ஊதியமின்றியோ’. இந்தியச் சட்டங்களை எழுதுகிறவர்கள் பொதுவாகப் புரியாத நடையில் எழுதுவார்கள். இந்த ஒரு வரியில் மனம் திறந்துவிட்டார்கள்.

‘ஊதியமின்றி’ என்றால் அம்மா. அவர்களைப் பற்றி அந்த அரங்கில் பேச்சே இல்லை, அவர்கள் எந்த இல்லத்தின் பதிவேட்டிலும் இல்லாததால். இருபது வருடம் ஒரு சினிமா, ஒரு கல்யாணம் போகாத அம்மாக்கள் இருக்கிறார்கள். வாய் பேசாத மகனைப் பூட்டி வைத்துவிட்டு ரேஷன் கடைக்கு ஓடி வருபவர்கள். உயர் ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி தர வேண்டும் என்று அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு சொல்கிறது. பக்கத்துக் கேரளத்தில் வீட்டில் படுத்திருப்பவரைப் பார்த்துக்கொள்பவருக்கு ‘ஆஸ்வாச கிரணம்’ என்று ஒரு திட்டம். ஆறுதல் கதிர் என்று பொருள். மாதம் 600 ரூபாய். ஒரு நாளைக்கு இருபது ரூபாய் ஆறுதல். ஒரு டீ குடிக்கலாம். வடைக்கு யோசிக்க வேண்டும்.

இந்த அம்மாக்கள் ஒன்றுகூடும் எந்தக் கூட்டத்துக்கும் போய்ப் பாருங்கள். கடைசியில் ஒரே கேள்விதான் வரும். எங்களுக்குப் பிறகு யார்? அறிஞர்கள் அதற்குக் கருத்தரங்கம் நடத்துகிறார்கள். விடை எளிது. உங்களுக்குப் பிறகு இந்த அக்காதான். 266 ரூபாய் அக்கா. தூங்காத அக்கா. அவர் அடுத்த மாதம் திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டால், யாருமில்லை.

போகத்தான் செய்கிறார்கள். போகும்போது அழுகிறார்கள். அது வேறு.

‘ஊதியத்துடன்’ இருப்பவருக்குத் தொழிலாளர் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருந்தது. 1978இல் பெங்களூரு குடிநீர் வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் உட்கார்ந்தார்கள். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் வி.ஆர். கிருஷ்ணய்யர். முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து முறையாக வேலை நடந்தால் அது தொழில்தான். லாப நோக்கம் உண்டா இல்லையா என்று பார்க்க வேண்டியதில்லை என்றார். நாற்பது ஆண்டுக்கு மேல் அதைச் சகித்துக்கொண்டிருந்தார்கள். 2020இல் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு வந்தது. ‘தொழில்’ என்ற சொல்லுக்குப் புது வரையறை. அறப்பணி, சமூகப்பணி, தொண்டு ஆகியவற்றில் முழுமையாகவோ பெருமளவோ ஈடுபடும் அமைப்புகளின் நிறுவனங்கள் தொழில் ஆகாது. 2025 நவம்பர் 21 முதல் இது நடைமுறை.

அதாவது பிஸ்கட் கம்பெனியில் பிஸ்கட்டை அட்டையில் அடுக்கும் பெண் தொழிலாளி. அந்த பிஸ்கட்டைப் பாலில் ஊறவைத்து, வாய் கோணிய பிள்ளைக்கு ஊட்டும் பெண் தொழிலாளி இல்லை. முதலாளியிடம் லாபம் இல்லாததால் அவருக்குத் தொழில் தகராறு எழுப்ப இடமில்லை. முதுகு மட்டும் தொழிலாளியின் முதுகு. அதற்குத் தொண்டு, தொழில் என்ற வேறுபாடு இன்னும் புரியவில்லை. வலித்துக்கொண்டே இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் தன் நோய்ப் பட்டியலின் பதினொன்றாம் பதிப்பில் ‘பர்ன்அவுட்’ என்பதைச் சேர்த்தது. ஆள் எரிந்து, சாம்பலாய், வேலையில் பிடிப்பற்றுப் போகும் நிலை. ஒரு விஷயத்தில் அவர்கள் கவனமாக இருந்தார்கள். இதை நோய் என்று எழுதவில்லை. வேலையிடத்தோடு சேர்ந்த நிகழ்வு என்று எழுதினார்கள். சரியாகக் கையாளப்படாத, நாள்பட்ட வேலையிட அழுத்தத்தின் விளைவு. கோளாறு கூரையில் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். நாம் என்ன செய்கிறோம்? கூரை ஒழுகும் வீட்டில் நனைந்துகொண்டிருப்பவளுக்குத் தலை துவட்டும் முறைகள் குறித்து ஒருநாள் பயிற்சி தருகிறோம். மதிய உணவு உண்டு.

பயிற்சியாளரைக் குறை சொல்லவில்லை. நல்ல பெண். உளவியல் படித்தவர். இடைவேளையில் பேசினேன். அவருக்கும் மதிப்பூதியம்தான். போன வருடப் பயிலரங்கத்துக்கே இன்னும் வரவில்லை என்றார். நான் அவரிடம் மூச்சை இழுத்து விடச் சொன்னேன். சிரித்தார். அன்று முழுவதும் யாருக்காவது அழுத்தம் குறைந்தது என்றால் அந்த ஒரு நொடிதான்.

மத்தியானத்துக்குப் பிறகு கையேடு கொடுத்தார்கள். ஒரு பேனா. மஞ்சள் நிறத்தில் ஒரு ஸ்பாஞ்ச் பந்து, சிரித்த முகம் வரைந்தது. கோபம் வரும்போது இதைப் பிசைய வேண்டுமாம். கையேட்டின் பின்னட்டையில் 14416. டெலிமானஸ் உதவி எண். 2022 அக்டோபர் 10 முதல் ஒன்றிய அரசு நடத்துவது. இருபத்து நான்கு மணி நேரமும் பேசலாம். பேசுகிறவர்கள் நல்லவர்கள், எண்ணும் நல்ல எண். வாசகர்கள் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். என் சந்தேகம் வேறு. ராத்திரி இரண்டு மணி. அக்காவின் ஒரு கையில் டயப்பர். மறு கை, எழுந்து ஓடப் பார்க்கும் பெண்ணின் மணிக்கட்டில். மூன்றாவது கட்டிலில் வலிப்பு. எந்தக் கையால் எண்ணை அழுத்துவது? மூன்றாவது கை வேண்டும். மூன்றாவது கை என்றால் இன்னோர் ஆள். இன்னோர் ஆள் வந்துவிட்டால் 14416ஐ அழைக்க வேண்டிய அவசியமே பாதி குறைந்துவிடும். இது எனக்குத் தெரிகிறது. நிதித்துறைக்கும் தெரியும். மனசு மலிவு, கை விலை அதிகம். ஆகவே கையைக் கேட்டவளுக்கு மனசைக் கொடுத்து அனுப்புகிறார்கள்.

இத்தனையும் அரசாங்கத்தின் தலையில் ஏற்றிவிட்டு நாம் தப்பித்துவிட முடியாது. நம் பங்கும் இருக்கிறது. பிறந்தநாளுக்கு ‘ஹோமுக்குச் சாப்பாடு’ போடுகிறோமே, அந்தப் பங்கு. குடும்பத்தோடு வருவோம். கேக் வெட்டுவோம். வாயில் எச்சில் வழியும் பிள்ளை ஒன்றின் பக்கத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு நின்று படம் எடுப்போம். ஒரு கரண்டி கேசரி ஊட்டுவோம், வீடியோவுக்கு. நெய் வழியும் பிரியாணி போட்டுவிட்டு, கண் கலங்கி, ‘கடவுள் நம்மை நல்லா வச்சிருக்கார்’ என்று சொல்லிக்கொண்டு காரில் ஏறுவோம். பழக்கமில்லாத நெய்யால் அன்றிரவு பதினான்கு பிள்ளைகளுக்கு வயிறு கழியும். பதினான்கு முறை இல்லை. பதினான்கு பிள்ளைகளுக்கும் பல முறை. நம் புண்ணியத்தின் மறுபக்கத்தை அக்கா விடிய விடியக் கழுவுவார். அடுத்த பிறந்தநாளுக்கு அந்தக் காசை அவர் சம்பளத்தில் சேருங்கள் என்று சொல்லிப் பாருங்கள். ‘சம்பளத்துக்கா? நாங்க பிள்ளைங்களுக்குத்தான் கொடுப்போம்’ என்பார்கள்.

நிறுவனங்களும் அப்படித்தான். சமூகப் பொறுப்பு நிதி சுவரில் வண்ணத்துப்பூச்சி வரையும். வாஷிங் மெஷின் வாங்கித் தரும், லோகோ ஒட்டி. சக்கர நாற்காலி தரும், அமைச்சர் கையால். தள்ளுகிற கைக்குத் தராது. அது ‘தொடர் செலவினம்’. நாற்காலியில் பெயர் பொறிக்கலாம். ஆயாவின் முதுகில் பொறிக்க முடியாதே.

பிள்ளைகளுக்கு நேஷனல் டிரஸ்ட் வழியாக ‘நிராமயா’ காப்பீடு இருக்கிறது. ஒரு லட்சம் ரூபாய் வரை. நல்லது. பிள்ளையைத் தூக்கித் தூக்கி முதுகுத் தட்டு பிதுங்கியவருக்கு? வலி நிவாரணி ஜெல். அதுவும் பிள்ளைகளுக்கென வந்த டப்பாவிலிருந்து, கணக்கில் காட்டாமல்.

ஒன்றை மட்டும் நகைச்சுவையாக எழுத வரவில்லை. அக்கா வேலை பார்க்கும் இல்லத்தில் ஒரு பையன் பத்தொன்பது வயதில் இறந்துபோனான். விடாத வலிப்பு. எட்டு வயதில் வந்தவன். பதினோரு ஆண்டு அவனுக்குச் சோறூட்டியவர் இந்த அக்கா. அவனுடைய ஒரு முனகலுக்குத் தண்ணீர் என்று பொருள், இன்னொன்றுக்கு மின்விசிறி. அந்த அகராதி அவர் ஒருவரிடம்தான் இருந்தது. ஆஸ்பத்திரியில் படிவம் நிரப்பக் கேட்டார்கள். ‘இறந்தவருக்கு என்ன உறவு?’ அக்கா விழித்தார். எழுதுகிறவர் அவசரப்படுத்தினார். கடைசியில் ‘ஆயா’ என்று எழுதி, அது செல்லாது என்று அடித்தார்கள். சொந்தக்காரர் வரும்வரை உடலைத் தர மாட்டார்கள். மறுநாள் வந்தார்கள், வாங்கினார்கள், போனார்கள். அக்கா மறுநாள் நாலரைக்கு அடுத்தவனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். துக்க விடுப்பு சொந்தத்துக்குத்தான்.

“அழுதீங்களாக்கா?”

“எங்க தம்பி, ஆள் மாத்த யாரு இருந்தா?”

மன அழுத்த மேலாண்மைக் கையேட்டில் 32 பக்கங்கள். சாவு பற்றி ஒரு வரி இல்லை.

அடிக்கிறார்களே, கிள்ளுகிறார்களே, சூடு போடுகிறார்களே, அதை எழுதவில்லையா என்பீர்கள். எழுதுகிறேன். வாயில்லாத பிள்ளையை அடிப்பது குற்றம். தூக்கமின்மை அதற்கு மன்னிப்பாகாது. அடித்தவர் மேல் வழக்குப் போடுங்கள். கேட்பது இவ்வளவுதான்: முப்பத்தாறு மணி நேரம் தொடர்ந்து ஒருத்தியை நிற்க வைத்தவரின் பெயர் அந்த எஃப்.ஐ.ஆரில் எந்தப் பத்தியில் வருகிறது? லாரி டிரைவர் தூங்கி விபத்து நடந்தால் இரண்டு நாள் ஓய்வில்லாமல் ஓட்டவைத்த முதலாளியையும் ஏசுகிறோம். இங்கே சிசிடிவி இருக்கிறது. ஆயாவைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. அவர் அடிபடும்போதும் கடிபடும்போதும்கூடப் பார்க்கிறது. அந்தக் காட்சியை இதுவரை எந்த சேனலும் பிரேக்கிங் நியூஸ் ஆக்கவில்லை.

ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டுக்குத் தனியாகப் பாடம் எடுக்க வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. விடியும் முன் ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். ஏன் சங்கிலி என்று அன்று நாடே கேட்டது. விடை கணக்குப் புத்தகத்தில் இருந்தது. சங்கிலியைவிட மலிவான பராமரிப்பாளர் இல்லை. ஒருமுறை வாங்கினால் போதும். லீவு கேட்காது. இரவில் தூங்காது. அதற்கு மன அழுத்தமும் வராது. அங்கிருந்த காப்பகங்களை மூடினார்கள், உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது, உரிமம் இல்லாமல் நடத்தக் கூடாது என்றார்கள். எல்லாம் சரி. சங்கிலியைக் கழற்றிய இடத்தில் எத்தனை கைகளை வைத்தோம்? இருபத்திரண்டு பேருக்கு இரண்டு. இரண்டு ஆள் இல்லை ஐயா. இரண்டு கை.

இடையில் நாம் பெயர்களை மட்டும் சளைக்காமல் மாற்றினோம். ஊனமுற்றோர் என்ற சொல்லை விட்டு மாற்றுத்திறனாளி என்றோம். அது நல்ல மாற்றம்; சொன்னவர்கள் மரியாதையாகத்தான் சொன்னார்கள். டெல்லி 2015இல் இன்னும் ஒரு படி மேலே போய் ‘திவ்யாங்’ என்றது. தெய்விக உறுப்புகள் கொண்டவர். இப்போது பார்த்துக்கொள்பவரும் தெய்வம், பார்க்கப்படுபவரும் தெய்வம். மொத்த இல்லமும் கோயில். கோயிலுக்கு ஏன் பட்ஜெட்?

அக்காவிடம் கேட்டேன், மனசு நன்றாக இருக்க என்ன வேண்டும் என்று. பெரிய திட்டம் ஏதும் சொல்லவில்லை. ராத்திரிக்கு இன்னும் ஓர் ஆள். வாரத்தில் ஒரு நாள் வீட்டில் படுக்க வேண்டும். அஞ்சாம் தேதிக்குள் சம்பளம், கொஞ்சம் கூட. “பெரிய பசங்களைத் தூக்க ஒரு மிஷினு இருக்காமே, டிவியில காட்டுனாங்க, அது.” கடைசியாக, தயங்கி, “யாராச்சும் செத்துப்போனா ரெண்டு நாள்.” இதில் எதற்கு உளவியல் நிபுணர் வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. ஒரு நல்ல கணக்கர் போதும்.

நான்கரைக்குப் பயிலரங்கம் முடிந்தது. கருத்துப் படிவம் கொடுத்தார்கள். சிரித்த முகம், நடுத்தர முகம், அழுத முகம். ஒன்றை டிக் அடிக்க வேண்டும். நாற்பது பேரும் சிரித்த முகத்தை அடித்தார்கள். ஐந்தரைக்கு இரவு டூட்டி. பஸ் பிடிக்க வேண்டும். நிகழ்ச்சி நூறு சதவீதம் வெற்றி என்று அறிக்கை போயிருக்கும்.

மஞ்சள் பந்து வீணாகவில்லை. விரல்கள் மடங்கி, திறக்க வராத ஒரு சின்னப் பையனின் உள்ளங்கையில் அக்கா அதைச் செருகி வைத்திருக்கிறார். நகம் சதையில் குத்தாமல் இருக்க. பிசியோதெரபிஸ்ட் எட்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்த பொருள் அது.

அக்டோபர் சம்பளம் நவம்பரில் வரவில்லை. டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் நாள் விழாவுக்குப் பிள்ளைகளை அலங்கரித்து ஆட வைக்க அக்காதான் கூட்டிப் போனார். மேடையில் மறுபடி தெய்வம் ஆனார். டிசம்பர் நடுவில் சம்பளம் வந்தது. சீட்டைக் காட்டினார். மன அழுத்த மேலாண்மைப் பயிலரங்கத்துக்குப் போன நாளை விடுப்பு என்று எழுதியிருந்தார்கள்.

பிடித்தம் 266 ரூபாய்.